உருளைக்கிழங்குப் பாத்தியில் நான் விழுங்கிய வாக்கியம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது.

நான் கண்டியில் மொழிபெயர்ப்பாளன். முஸ்லிம் என்பதால், அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் என்னை 'நானா' என்பார்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி இவைதான் என் இலக்கியம். மூலத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, முத்திரை குத்திக் கையெழுத்து வைப்பேன். இருபத்தைந்து வருடங்களில் ஒரு கமாவைக்கூட நான் கூட்டியதோ குறைத்ததோ இல்லை என்று பெருமையடித்துக்கொள்கிறவன்.

மலைநாட்டு விவசாயிகளுக்காக வேலை செய்யும் ஒரு நிறுவனம், பெரு நாட்டிலிருந்து இரண்டு பெண்களை அழைத்து வந்திருந்தது. ஒருவர் ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கு பயிரிடும் அம்மா, அறுபது வயது இருக்கும். அவருக்குப் பேசத் தெரிந்தது கெச்சுவா மொழி மட்டும். மற்றவர் அவருடைய தங்கை மகள், பள்ளிக்கூட ஆசிரியை. கெச்சுவாவை ஆங்கிலமாக்குவது அவர் பொறுப்பு. அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்குவது என் பொறுப்பு.

அதற்காக ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து ஆண்டிஸைக் கரைத்துக் குடித்தேன்.

"பேசப் போறது அவங்க. நீங்க என்னத்துக்கு இவ்வளவு படிக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு நான் வீட்டில் பதில் சொல்வதில்லை.

வேன் பேராதனையைத் தாண்டியதும் தொடங்கினேன். புல்லைத் திரித்து ஆற்றுக்குக் குறுக்கே அவர்கள் கட்டும் தொங்குபாலத்தைப் பற்றிச் சொன்னேன். உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வருடக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் முறையை விளக்கினேன். இதையெல்லாம் யாரிடம் சொன்னேன் என்றால், சிறு வயதிலிருந்து அந்தக் கிழங்கை மிதித்தே வளர்ந்த ஒருவரிடம். ஆசிரியை பொறுமையாக மொழிபெயர்த்தார். அம்மா திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: நான் அங்கே வந்து பார்த்திருக்கிறேனா?

இல்லை, புத்தகத்தில் படித்தேன் என்றேன். அம்மா தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கள் ஊரில், கண்டு சொல்வதையும் கேட்டுச் சொல்வதையும் ஒன்றாகக் கலக்க மாட்டார்கள், அதனால்தான் கேட்டார், தவறாக எடுக்க வேண்டாம் என்றார் ஆசிரியை. நான் தவறாக எடுக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

கலஹா தாண்டியதும் மலைகளைக் காட்டினேன். அம்மாவுக்கு அவை பிடித்திருந்தன. நல்ல தோட்டம் என்றார். அவருடைய உருளைக்கிழங்கு நிலம் எங்கள் நாட்டின் மிக உயர்ந்த சிகரத்தையும்விட மேலே இருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் போனது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் இடத்துக்கு. ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் சரிவில் பன்னிரண்டு பாத்தி உருளைக்கிழங்கு போட்டிருந்தார். விடியற்காலையிலும், மலையிலிருந்து இறங்கிய பிறகு மாலையிலும் இரண்டு மாதமாக அவர் தனியாகப் பாடுபட்ட நிலம்.

வந்தவர்களுக்கு முதலில் வெற்றிலைத் தட்டை நீட்டினார். அம்மா மூன்று நல்ல இலைகளைத் தேடி எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வாயருகே பிடித்து மலைப் பக்கமாக மெல்ல ஊதினார். லயமே வேடிக்கை பார்த்தது.

"அவங்க ஊர்ல கோக்கா இலையை இப்பிடித்தான் மொதல்ல மலைக்குக் குடுப்பாங்க," என்றேன், யாரும் கேட்காமலே.

"நாங்களும் முனியாண்டிக்கு வச்சுட்டுத்தான் எதையும் தொடுவோம் நானா. இதுல என்னா இருக்கு?" என்றார் அந்தப் பெண். ஆனாலும் என் மதிப்பு உயர்ந்துவிட்டதை நான் உணர்ந்தேன். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

பிறகு பாத்திக்குக் கூட்டிப்போனார். நாலைந்து பாத்திகளில் இலைகள் கருகிப் புள்ளி விழுந்திருந்தன. "முந்தாநாளுதான் பாத்தேன். வெட்டவா, வைக்கவா? அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க," என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

அம்மா ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். மண்ணை எடுத்து முகர்ந்தார். பாத்திகளுக்கு நடுவே வடிகாலாக வெட்டிய கானில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்தார். பிறகு நிதானமாக நெடுநேரம் பேசினார். ஆசிரியை அதை ஆங்கிலத்தில் ஒரு சொல் விடாமல் சொன்னார். எங்கள் ஊரில் இப்படி வந்தால் செடியை மேலோடு வெட்டிவிட்டு, கிழங்கை இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள், மண்ணுக்குள்ளேயே விட்டுத் தோண்டுவோம். ஆனால் எங்கள் கிழங்கு ஆறு மாதம் மண்ணில் இருக்கும். இங்கே மூன்று மாதம் என்கிறீர்கள். இந்த மண்ணும் மழையும் எனக்குப் பழக்கமில்லை. இங்கே என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இங்கே பயிர் செய்கிற யாரிடமாவது கேளுங்கள்.

நான் முதல் வாக்கியத்தைத் தமிழாக்கினேன். அப்புறம் நின்றுவிட்டேன்.

சுற்றி இருபது பேர். உருளைக்கிழங்கு பிறந்த மண்ணிலிருந்து உலகத்தைப் பாதி சுற்றி வந்தவர். அவரைப் பற்றி அரை மணி நேரம் புகழ்ந்து முடித்திருக்கிறேன். இப்போது போய் "தெரியாது" என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? அவருடைய மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். காப்பாற்றியது யாருடைய மரியாதையை என்பது வேறு விஷயம். மீதியை விழுங்கிவிட்டு, விழுங்கிய இடத்தை நூலகத்தால் நிரப்பினேன்: "ஆயிரக்கணக்கான வருஷமா அவங்க இப்பிடித்தான் செய்றாங்களாம்."

தேநீர் கொடுத்தார்கள். லயத்து வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து நான் பாதிக் கோப்பை குடித்திருப்பேன். அம்மா சட்டென்று எழுந்து பாத்திப் பக்கம் ஓடினார். அந்த வயதில், அந்தப் பாவாடையில், அந்தச் சரிவில் ஒருவர் அப்படி ஓடலாம் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கத்தி பிடித்த அந்தப் பெண்ணின் கையை அம்மா இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பாத்தி முழுக்கச் செடிகள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன.

ஆசிரியை என்னிடம் கேட்டார்: நீங்கள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?

தமிழ் தெரியாத இரண்டு பேர், ஆங்கிலம் தெரியாத இருபது பேர், நடுவில் நான் ஒருவன். எதைச் சொல்லியும் தப்பியிருக்கலாம். உண்மையில் ஒரு பொய் நாக்கு வரை வந்தது. அந்தப் பெண் பதினோரு பாத்தியையும் ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் உள்ளதைச் சொன்னேன்.

"தெரியாதுன்னா சொன்னாங்க?"

"ஓம். இங்க பயிர் செய்ற ஆள்கிட்ட கேக்கச் சொன்னாங்க."

"அத நீங்க ஏன் சொல்லல?"

நான் குனிந்து, வெட்டுப்பட்ட செடி ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"நானா, வாய் ஒங்களுது, கெழங்கு என்னுது," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அங்கேயே நின்று வெலிமடையில் காய்கறித் தோட்டம் செய்யும் தன் மச்சானுக்கு, கணவரின் தம்பிக்கு, தொலைபேசியில் கோல் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மச்சான் கேட்ட முதல் கேள்வி, போட்டு எத்தனை நாள் என்பது. இரண்டு மாதம் என்றதும் பதறிவிட்டார். "இப்பவே வெட்டாதீங்க அண்ணி, கெழங்கு நெல்லிக்கா அளவுதான் இருக்கும். புள்ளி விழுந்த எலையக் கிள்ளித் தூரமாப் பொதைங்க. கான வெட்டித் தண்ணிய வடிய விடுங்க. நாளைக்கு மருந்து கொண்டாறேன்." முழுவதும் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்கான வழியைத்தான் அம்மா காட்டியிருந்தார், நான் அடைத்திருந்தேன்.

அம்மா தலைத் தொப்பியைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, பாத்தியில் குனிந்து இலை கிள்ளத் தொடங்கினார். ஆசிரியையும் இறங்கினார். தங்கள் ஊரில் ஒருவர் நிலத்தில் மற்றவர் கைகொடுப்பதும், அவர் திரும்ப வந்து கைகொடுப்பதும் வழக்கம் என்றார். அதற்கு ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் எனக்குத் தெரியும், படித்திருந்தேன். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அப்படி அடங்கிய சந்தர்ப்பங்கள் குறைவு.

"சப்பாத்தக் கழட்டிட்டு எறங்குங்க நானா," என்றார் அந்தப் பெண். பகல் முழுக்கக் கான் வெட்டினேன். நான் வெட்டியதை அவர் இரண்டு தடவை திருத்தினார். அட்டைகள் என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டன.

ஐந்து கிழமைக்குப் பிறகு, தோண்டும் நாள் என்று கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமல் பஸ் பிடித்துப் போனேன். மூன்று பாத்தி அழுகிப்போயிருந்தது. எட்டுப் பாத்தியில் நல்ல கிழங்கு. சிரித்த முகத்தோடுதான் இருந்தார். மதியம் மற்றவர்களுக்குப் பெரிய கிழங்குக் கறி வைத்தார். எனக்கு மட்டும் தனியாக ஒரு கோப்பையில், தோலோடு அவித்த, நெல்லிக்காய் அளவுக் கிழங்குகள்.

"இது நீங்க வெட்ட வச்ச பாத்தி. சாப்புடுங்க," என்றார்.

ஒன்று விடாமல் சாப்பிட்டேன். ருசியாகவே இருந்தது, அதுதான் இன்னும் சங்கடம்.

அந்த அம்மா உலகத்தின் மறுபக்கத்திலிருந்து கொண்டு வந்தவற்றில் மிகப் பெறுமதியானது "எனக்குத் தெரியாது" என்ற நேர்மை. இரண்டு மலைநாடுகளைத் தாண்டிப் பத்திரமாக வந்த அது கடைசி இரண்டடி தூரத்தில், என் வாயில் வைத்துத் தொலைந்துபோனது என்பதை, யாராவது என்னிடம் எதையாவது கேட்கும்போதெல்லாம் இன்றும் ஒரு நொடி நினைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.