பொன்னாங்கண்ணியின் பலன்

எங்கள் வீட்டுக்குள் பொன்னாங்கண்ணிக் கீரை வந்து உட்கார்ந்துகொண்டது என் அத்தையின் கைங்கர்யம். நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. அப்பா காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் பஸ் டிரைவர். ஜூனில் காலேஜ் திறப்பதற்கு முன் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. போன வருஷமே கண்ணைக் காட்டிக்கொள்ளச் சொல்லித்தான் விட்டிருந்தார்கள். இந்த முறை தேறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அப்பாவுக்கு வேறு வேலையும் தெரியாது.

டாக்டரிடம் போகலாம் என்று அம்மா சொன்னாள். சேலையூரிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒரே பிடியாக வேண்டாம் என்றாள். டாக்டர் கண்ணாடி மாட்டிவிடுவார், கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும் என்பது அவள் கட்சி. காலை நேர டிவி வைத்தியம் ஒன்றுவிடாமல் பார்ப்பவள். அப்பாவுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. டாக்டர் என்ன சொல்வாரோ என்று உள்ளூரப் பயம். அத்தை சொன்னதில் பயப்பட என்ன இருக்கிறது, வெறும் கீரைதானே.

மதியம் பொன்னாங்கண்ணிப் பொரியல், காலையில் கேரட் ஜூஸ், படுக்கப் போகும்போது உள்ளங்காலில் விளக்கெண்ணெய், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அப்பா ஒருத்தருக்கு மட்டும் பத்தியம் என்றால் மனசு விட்டுப்போகுமாம், அதனால் வீட்டில் எல்லோருக்கும். எனக்கோ கீரை என்றாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். கண் நன்றாக இருந்ததற்கு எனக்கு இப்படி ஒரு தண்டனை.

விடிந்ததும் அப்பாவும் நானும் சிட்லபாக்கம் ஏரிக்கரைக்கு நடக்கப் போவோம். பச்சையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அத்தை சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் பச்சையைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு விளையாட்டு ஆரம்பிப்பார். தூரத்தில் தண்ணி லாரி வந்தால் அதன் நம்பரை அவர் முதலில் படிப்பார். பிறகு, “சரியா பாப்பா?” என்று என்னைக் கேட்பார். நான்தான் நடுவர். பள்ளிக்கூடத்தில் கூட எனக்கு அப்படியொரு பதவி கிடைத்ததில்லை.

முதல் வாரம் நேர்மையாகத்தான் தீர்ப்புச் சொன்னேன். எட்டை மூன்று என்பார், ஆறைப் பூஜ்யம் என்பார். தப்பு என்றதும் அப்பா முகம் சுருங்கிவிடும். வீடு வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே நடப்பார். அன்றைக்குக் கீரையும் ஒரு கட்டு கூடும். ஒருநாள் அவர் தப்பாகப் படித்தபோது, “சரிப்பா” என்று சொல்லிப் பார்த்தேன். அடேயப்பா, அவருக்கு என்ன சந்தோஷம்! வழியெல்லாம் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நான் தப்பே சொல்லவில்லை. அப்பாவுக்குச் சந்தோஷம், கண் சரியாகிவிட்டால் எனக்கும் கீரை நின்றுபோகும். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

நின்றால்தானே! “பாத்தியா, பலன் தெரியுது” என்று அத்தை இன்னும் இரண்டு கட்டு சேர்த்துக் கொண்டுவந்தாள். அம்மாவும் டாக்டர் பேச்சை விட்டுவிட்டாள்.

பரிசோதனை அன்று நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். காலேஜில் ஒரு ஹாலில் எழுத்து அட்டையை மாட்டியிருந்தார்கள். ஒரு பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மேல் இரண்டு வரிகளை அப்பா படித்துவிட்டார். மூன்றாவது வரியையும் கணீரென்று படித்தார். அத்தனையும் தப்பு. படித்துவிட்டு, ஏரிக்கரைப் பழக்கத்தில், திரும்பி என்னைப் பார்த்தார்.

“சரிப்பா” என்றேன்.

டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பாவை உட்காரச் சொல்லி அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். அப்பா கீரை, ஏரிக்கரை நடை எல்லாவற்றையும் ஒப்பித்தார். “ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு சார். கீரை, நடை எல்லாம் உடம்புக்கு நல்லதுதான், விடாதீங்க. ஆனா புரை அதுல கரையாது, ஆபரேஷன்தான். ஏப்ரல்லயே வந்திருந்தா காலேஜ் திறக்கறதுக்குள்ள வண்டி எடுத்திருக்கலாம்.”

“தெனம் படிச்சுப் பாத்துகினுதான் இருந்தேன் மேடம். எல்லாம் கரெக்டா இருந்திச்சு” என்றார் அப்பா. சொல்லி முடித்ததும் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை. பிறகு பணம் புரட்டி, ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் ஆகி, பொங்கல் கழிந்துதான் மறுபடி பஸ் எடுத்தார். அதுவரை காலேஜ் ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். அதற்கும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை. அத்தையிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பரிசோதனை அன்று வீடு திரும்பத் தாம்பரம் பஸ் பிடிக்க ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. வண்டிகள் சர்சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. ஓரத்தில் வெகுநேரம் நின்ற அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்புக்குப் போகிற பெண்ணை, அட்மிஷனுக்கு வந்த இத்தனை அக்காக்கள் பார்க்க, குழந்தை மாதிரி கையைப் பிடிக்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. உருவப் பார்த்தேன். அவர் விடவில்லை.

“வண்டி வருதா, நல்லா பாத்துச் சொல்லு பாப்பா” என்றார்.

எனக்கு ரோடு தாண்டக் கற்றுக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன்.