வியாழக்கிழமைக்கு ஒரு மனு

நாங்கள் ஆறு பேர். மேலப்பாளையத்தில் அடுத்தடுத்த தெருக்களில் பீடி சுற்றும் வீட்டுப் பெண்கள். எங்கோ ஒரு நாட்டில் இடிந்த வீட்டுக்குள்ளிருந்து குழந்தைகளைத் தூக்கி வருவதைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து, சும்மா இருக்க முடியாமல் கூடத் தொடங்கினோம். எந்த இனத்தையும் யாரும் அழிக்கக் கூடாது என்று அட்டையில் எழுதிப் பஸ் நிறுத்தத்தில் நின்று கையெழுத்து வாங்கினோம்.

"அங்கன விழுற குண்டு, இங்கன கையெழுத்துப் போட்டா நின்னுருமாக்கும்?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"நிக்காட்டா போவுது. போட்டா உம்ம கை தேஞ்சா போவும்?" என்றாள் என் உம்மா. அவர் சிரித்துக்கொண்டே போட்டார்.

உம்மாவுக்குப் பெருவிரல்தான் கையெழுத்து. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்துவிட்டேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

கையெழுத்துத் தாளோடுதான் இலங்கை அகதிகள் முகாமுக்கும் முதலில் போனேன். எங்கள் தெருவிலிருந்து முக்கால் மணி நேர பஸ் பயணம். அத்தனை வருஷம் அங்கே நான் போனதே இல்லை. ஒரு தாயும் மகளும் என்னை உட்காரவைத்துத் தேநீர் தந்தார்கள். தாய் சிறுமியாகப் படகில் வந்தவள். மகள் முகாமிலேயே பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். மதுரையில் ஒரு கல்லூரி செவிலியர் படிப்புக்கு அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. வரும் வியாழக்கிழமை.

அதே வியாழக்கிழமைதான் முகாமில் ஆள் கணக்கெடுப்பு. அதிகாரி வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். முன்அனுமதி இல்லாமல் வராதவர் பெயரை அடித்துவிட்டால், மறுபடி சேர்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். பெயர் போனால் அவளுக்கு வேறு எந்த அடையாளமும் இல்லை. நேர்காணலுக்குப் போகாவிட்டால் படிப்பு இல்லை.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுப்போம். நானே எழுதுதேன்" என்றேன்.

இரண்டு இரவும் ஒரு பகலும் எழுதினேன். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. இலையும் தூளும் பரப்பிய சுளகு முறத்தை மடியில் வைத்து மற்றவர்கள் பீடி சுற்ற, ஒருத்தி வாசிப்பாள். வாசிப்பது நன்றாக இருந்தால் சுற்றும் கை நிற்கும். எங்களுக்கு அதுதான் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை மனுவை வாசித்தேன். நான்கு பக்கம். அந்தத் தாய் சொன்னதையெல்லாம் எழுதியிருந்தேன்: பதுங்கு குழியில் மூச்சடைத்துச் செத்த அவளுடைய அம்மா, எரிந்த பள்ளிக்கூடம், கடலில் தவறிப்போன தம்பி. இரண்டாம் பக்கத்திலேயே எல்லாக் கைகளும் நின்றுவிட்டன. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இதைவிட நல்ல மனுவை யாரும் எழுதியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக வரிசையில் தாயும் மகளும் என்னோடு நின்றார்கள். வாசலில் காசுக்கு மனு எழுதுகிறவர் கூப்பிட்டபோது, "எங்ககிட்ட இருக்கு அண்ணாச்சி" என்று தாளை உயர்த்திக் காட்டிவிட்டு வந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது மகள் அதை வாங்கி வாசித்தாள். நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தாள்.

"அக்கா, நல்லாத்தான் இருக்கு. எங்க அம்மம்மா செத்தது இருக்கு. வியாழக்கிழமை எங்க இருக்கு?"

பிடுங்கிப் பார்த்தேன். இல்லை. நேர்காணல் இல்லை, மதுரை இல்லை, அனுமதி என்ற சொல்கூட இல்லை. அழவைக்கும் அவசரத்தில் கேட்க வந்ததைக் கேட்காமலே விட்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. முன்னால் ஆறு பேர்தான் இருந்தார்கள்.

"அழாதீங்க அக்கா, நேரம் இல்ல. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று குனிந்து முதுகைக் காட்டினாள். பையிலிருந்த ஒரு வெள்ளைத்தாளை அந்த முதுகில் வைத்து எழுதினேன். பெயர், முகாம், நேர்காணல் நாள், அன்று கணக்கெடுப்புக்கு வராமலிருக்க அனுமதி. ஐந்து வரி. பேனா முதுகில் கூசியதில் குலுங்கிச் சிரித்தாள். நான்காவது வரி கோணிப்போனது.

பழைய நான்கு பக்கத்தைக் கசக்கப் போனேன். தாய் என் கையைப் பிடித்தாள். "எறியாதேங்கோ பிள்ளை. அது கலெக்டருக்கு எழுதினது இல்லை. சனத்துக்கு வாசியுங்கோ. இனி ஒருத்தருக்கும் அப்படி நடக்கக் கூடாது எண்டு சொல்லித்தானே கையெழுத்து வாங்கிறீங்கள்?"

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். "எல்லாரும் கட்டுக்கட்டா கொண்டாராவ. நீங்க அஞ்சு வரியில முடிச்சிட்டிய?" கல்லூரிக் கடிதத்தைக் கேட்டு வாங்கி ஒட்டினார். ஓரத்தில் ஏதோ எழுதி முத்திரை குத்தினார். புதன்கிழமை மாலை அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது.

வியாழக்கிழமை நாங்கள் ஆறு பேரும் முகாமுக்குப் போய்த் தாயின் பக்கத்தில் நின்றோம். மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாய் கடிதத்தை நீட்டினாள்.

"பிள்ளை எங்க?"

"படிக்கப் போயிட்டாள், ஐயா." வரிசையின் கடைசிவரை கேட்கும்படி சொன்னாள். பெயரை அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதினார்கள்.

மத்தியானம் மகள் மதுரையிலிருந்து கைப்பேசியில் கூப்பிட்டாள். இடம் கிடைத்துவிட்டது, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். தாய் சிரித்தாள், பிறகு யோசித்தாள். "அப்ப ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் இப்படிக் கடிதம் வேணுமே?"

கூட்டத்திலிருந்து இன்னும் இரண்டு தாய்மார் வந்தார்கள். ஒருத்தியின் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். இன்னொருத்தியின் மகளுக்கு அடுத்த வருஷம் கல்லூரி. வெளியூரில் படிக்கும் முகாம் பிள்ளைகள் எல்லோருக்கும் படிப்பு முடியும்வரை ஒரே அனுமதியாகக் கேட்டால் என்ன? வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். அவர்கள் மூவரும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.