ஜாக்கி பெண்டாட்டியின் பட்டு

என் கொழுந்தனார் மெட்ராஸில் பேர்போன குதிரைப் பந்தய ஜாக்கி. கோப்பை மேல் கோப்பையாக ஜெயித்தவர். கூலித் தகராறில் எங்கள் ஊர் அறுப்பு நின்றுபோன வருஷம், பழைய அரிசியில் பொங்கிய பொங்கலுக்கு ஓரகத்தியோடு வந்திறங்கினார். அவள் கட்டியிருந்த பட்டைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு ஏர்மாட்டைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது.

பந்தியில் கொழுந்தனார் சர்க்கரைப் பொங்கலை விரல்நுனியால் தொட்டு நக்கிவிட்டு இலையை மூடினார். எடை கூடினால் குதிரை ஏற விடமாட்டார்களாம். பக்கத்திலேயே என் வீட்டுக்காரர் மூன்றாம் முறையாகப் பொங்கல் கேட்டார்.

ஓரகத்தி என் வீட்டுக்காரர் இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "குடுத்து வச்சவங்கக்கா நீங்க. நான் வடிக்கிற சோறு ஒருநாளும் காலியானதில்ல."

"அப்படின்னா புடவைய மாத்திக்கலாமா?" என்றேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.