ஆற்றுக்கு முன்னால் வரும் செய்தி

எங்கள் ஊரில் ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கிறது. ஆனால் ஊரின் கடைசியில். அதனால் அக்கரையில் சங்கரன்கோவில் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மணலில் இறங்கித்தான் நடப்பார்கள். வருஷத்தில் பத்து மாதம் அது ஆறே இல்லை, பாதை. என் மகளும் டியூஷன் முடிந்து அப்படித்தான் வருவாள். பழக்கியதே நான்தான்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், பள்ளி ஆண்டுமலருக்காக ஊர் வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் மலையில் மழை பெய்தால், மலையடியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து "ஆறு வருது, ஆறு வருது" என்று தெருத்தெருவாகக் கத்துவார். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள், மாடுகளைக் கரையேற்றுவார்கள். தீபாவளிக்கு ஊர் சார்பில் அவருக்கு ஒரு வேட்டி. இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வேலையை ஊர் வாட்ஸ்அப் குழு பார்க்கிறது. பூப்படமும் காலை வணக்கமுமாக வந்து குவிகிறதென்று நான் அதை மியூட் பண்ணி வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "டீச்சர், பாப்பா வந்துட்டாளா? மேல வெள்ளம்னு குரூப்ல அப்பமே போட்டிருந்தானுவளே, பாக்கலியா?"

போனை எடுத்தேன். செய்தி வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

ஊரில் ஒரு தூறல் இல்லை. பாதை இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர், நுரையும் சுள்ளியுமாகப் போனது. அக்கரையில் அவள். பஸ் நிறுத்தத்துப் பூக்காரம்மா அவள் பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எம்மா, நீ எறங்காத!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"ஏட்டி, அங்கனயே நில்லு!"

பாலத்தைச் சுற்றி ஓடி அவர்களிடம் சேர்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பூக்காரம்மாதான் பேசினார். "மணல்ல கால் வச்சிட்டா, டீச்சர். நான் பையப் புடிச்சி இழுத்தா, 'விடுங்க, நேரமாச்சு, அம்மா ஏசுவா'ன்னு எங்கிட்டயே சண்டைக்கு வாரா!"

அவள் ராத்திரி நாலு இட்லி சாப்பிட்டாள். நான் குழுவின் மியூட்டை எடுத்தேன்.

ஆறு மறுபடி மணலாகிவிட்டது; எல்லோரும் நடக்கிறார்கள். அவள் பாலம் வழியாகப் போகிறாள், நானும்.

"ஒம்பதாப்பு படிக்கேன், கூட வராதம்மா. எல்லாரும் கேலி பண்ணுதாளுவ."

சரி என்று சொல்லிவிட்டு, இருபதடி பின்னால் நடக்கிறேன்.