மலேரியாவுக்கு வாங்கிய சந்தேஷ்

எங்கள் தெரு டாக்டரம்மா தவறிவிட்டார் என்று போன் வந்தபோது நான் கொசுவலைக்குள் இருந்தேன். பதறி எழுந்ததில் வலை கயிற்றோடு அறுந்து மேலே விழுந்தது. அதைப் போர்த்தியபடியே போய் மனைவியிடம் சொன்னேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். அவரிடம் திட்டு வாங்கிய எங்கள் டாக்குரியாப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும்: அவர் பார்த்திருந்தால், வலையைச் சரியாகக் கட்டாததற்கு இன்னொரு திட்டு விழுந்திருக்கும்.

கொரோனா வந்த புதிதில் அவரிடம் ஒரு கண்டுபிடிப்போடு போனேன். மலேரியா அதிகமுள்ள ஊர்களில் கொரோனா குறைவு என்று போனில் படித்திருந்தேன். கார்டன் ரீச் துறைமுகக் கிடங்கு வேலையில் எனக்கு மலேரியா மூன்று முறை வந்திருக்கிறது. பத்தாவதைத் தாண்டாதவனுக்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? "எனக்கு வராது டாக்டரம்மா" என்று மேசையருகே போனேன். குடையை நீட்டி மறித்தார்.

"தள்ளி நில்லுங்கோ! அந்த ஊர்லல்லாம் சின்ன வயசுக்காரா ஜாஸ்தியா இருக்கலாம். டெஸ்டே கம்மியா எடுத்திருக்கலாம். அதுக்குள்ள கொசுவுக்கு நன்றி சொல்லக் கிளம்பிட்டேளா?"

"அப்ப மலேரியா கொரோனாவைத் தடுக்காதா?"

"தெரியாது. தெரியாதுங்கறதையும் ஃபீஸ் வாங்கிண்டுதான் சொல்வேன்."

மழைக்காலத்தில் என் மகள் மீனாவுக்குக் குளிர்காய்ச்சல். கொரோனாதான் என்று முடிவுகட்டி எதிர்வீடு ஜன்னலைச் சாத்தியது. அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டரம்மா மட்டும், "கொரோனா வந்ததும் கொசுல்லாம் லீவு போட்டுடுத்தா?" என்று கேட்டு இரண்டு டெஸ்டும் எடுக்கவைத்தார்.

"கொரோனா இல்லை. மலேரியாதான். மாத்திரை இருக்கு."

காலில் விழப் பாய்ந்தேன். மறுபடி குடை. "தள்ளி நில்லுங்கோ!"

ஓடிப்போய் சந்தேஷ் இனிப்பு வாங்கி, கட்டிடத்தில் ஒவ்வொரு வாசலிலும் வைத்தேன். "மலேரியாவுக்கா மிஷ்டி, தாதா?" என்று எதிர்வீட்டு வங்காளி அம்மா ஜன்னலைத் திறந்தார். டாக்டரம்மாவும் ஒன்று எடுத்துக்கொண்டார். "ஸ்வீட் இருக்கட்டும். மாத்திரையை முழுக்கக் கொடுங்கோ."

தூக்கத்திலேயே போயிருக்கிறார். அந்தக் கொரோனா வருடங்களில் எத்தனை பேரை முகம்கூடப் பார்க்காமல் அனுப்பினோம். இவருக்குத் தெருவே திரண்டு வந்தது. எனக்கு அதில் ஒரு நிம்மதி. இப்போது ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மீனா ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலையோடு வந்திருந்தாள்.

அவரிடமிருந்து என்னோடு இருப்பது அந்தத் 'தெரியாது'தான். போனில் எதைப் படித்தாலும் முதலில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

மீனாவின் மாலையை வாங்கி வைத்துவிட்டுக் காலடியில் குனிந்தேன். குடை நீளவில்லை. 'இப்பவாவது கிட்ட வரலாமா, டாக்டரம்மா?' நாக்கு நுனிவரை வந்தது. மீனா பக்கத்தில் நின்றிருந்தாள். கேட்காமல் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.