காற்று வரும் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் காலுறையின் குதிகாலை மறுபடியும் தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை நூல் போன வருஷமே தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு எல்லாக் கிழிசலுக்கும் பச்சை நூல்தான். விமான ஆராய்ச்சிக் கூடத்தில், மாதிரி விமானத்தின் மேல் காற்றைப் பாயவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்துக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. செருப்பில் ஒட்டிய ஒரு மணல்துகள் போதும், காற்றின் வேகத்தில் தோட்டாவாகப் பாயும். பத்தொன்பது வருஷமாக அவள் காலுறையோடுதான் உள்ளே போய்வருகிறாள்.

கணவர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். மின்கட்டணக் கவுண்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து, 'அடுத்த ஜன்னலுக்குப் போங்க' என்று சொல்லியே ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, உலகத்திலுள்ள விமான ஆராய்ச்சிக் கூடங்களை இணையத்தில் சுற்றிப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். ஒரு அம்புக்குறியை அழுத்தினால் கதவு திறக்கும், இன்னொன்றை அழுத்தினால் கூரை தெரியும். இப்படியே பனியனோடு ஏழு தேசம் போய்வந்தார். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். குதிரையே இல்லாமல் ஓட்டியவர் இவர்தான். தெருவில் அவரை 'புரொபசர்' என்று கூப்பிட்டார்கள். அது கிண்டல் என்று தெரியாத ஒரே ஆள் அவர்.

இந்த வருஷம் அவள் வேலைசெய்யும் கூடத்தையும் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கொல்லன் தெருவில் ஊசி விற்க ஆரம்பித்தார். அவள் தினமும் தவழ்ந்து துடைக்கிற இடத்தை அவளுக்கே விளக்கினார்.

ஆனால் அவளுக்கு அங்கே என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெருக்குகிற வேலை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் முன்னால் அவள் பையைக் காலி செய்து, மோதிரத்தையும் கொண்டை ஊசியையும் கழற்றி வைத்துவிட்டு, டார்ச்சோடு உள்ளே நுழைவாள். சுவரையும் தரையையும் கையால் தடவித் தடவிப் பார்ப்பாள். வெளியே வந்து "உள்ள ஒண்ணுமில்ல" என்று சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விசிறி சுற்றும். ஒருமுறை இன்ஜினியர் ஒருவர் அவசரப்பட்டார். "நானே பாத்துட்டேன், கையெழுத்த மட்டும் போடுங்க" என்றார். அவள் உள்ளே போய், மாதிரி விமானத்தின் இறக்கைக்குப் பின்னால் கிடந்த ஒரு திருகாணியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அன்றுமுதல் அங்கே அவளுக்குப் பேர் 'ஒண்ணுமில்லக்கா'.

"கையெழுத்துப் போட்டியா?" என்றார் கணவர்.

மேசைமேல் கிடந்தது அவளுடைய ராஜினாமாக் கடிதம். அவரே தட்டச்சு செய்தது. சாயங்காலம் ஆறு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் திரை கட்டி அந்தக் கூடத்தைச் சுற்றிக் காட்டி உரையாற்றப் போகிறார்.

"எவனாவது எழுந்து, 'உங்க வீட்டம்மா அங்க பெருக்குறாங்களாமே'ன்னு கேட்டா? வேலைய விட்டுட்டாள்னு சொல்லணும்ல."

"உடல்நலக் குறைவுன்னு போட்டிருக்கீங்க. எனக்கு என்ன உடம்புக்கு?"

"எழுதுறதுக்கு ஒரு காரணம் வேணும். இங்க வா, இதப் பாரு. இந்த ஃபேன் ஊதும். ஊதுற காத்து நேரா விமானத்து மேல மோதும்."

"அது ஊதாதுங்க. பின்னாடி நின்னு இழுக்கும்."

அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. சுரங்கத்தின் வாயில் தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை உண்டு. பஞ்சும் பூச்சியும் வந்து ஒட்டுவது அதன் வெளிப்பக்கம்தான். துடைக்கிறவளுக்குத் தெரியாதா, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று?

அவர் சிரித்தார். "நம்ம வீட்டு ஃபேன் இழுக்குதா? உனக்குத் தூசி தெரியும். காத்தப் பத்தி எனக்கு விடு."

அம்புக்குறியை அழுத்தினார். சுரங்கத்தின் உட்புறம் வந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டி மண்டியிட்டு சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு படந்தான் உறுத்துது. எடுக்கும்போது இந்தப் பொம்பளைய ஓரமா நிக்கச் சொல்ல வேண்டாமா? சாயங்காலம் இதச் சட்டுனு தள்ளிடணும்."

படத்தில் அந்தப் பெண்ணின் உள்ளங்கால்கள் கேமராவைப் பார்த்திருந்தன. வலது குதிகாலில் பச்சையாக ஒரு ஒட்டு. அதே காலுறை அவள் மடியில் கிடந்தது.

"யாருங்க அது?"

"யாரோ கூலிக்காரி. நீ அந்தக் கந்தல முதல்ல தூக்கிப் போடு."

எத்தனை மாதமாக அந்தப் படத்தை அழுத்திக்கொண்டிருக்கிறார் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு ஓட்டம் இருக்கு. நான் கையெழுத்துப் போடாம சுத்தாது."

"வேற யாராவது போடுவாங்க."

"போடுவாங்க, பாக்காம."

ஊசியை எங்கே குத்திவைப்பது என்று பார்த்தாள். கடிதத்தை எடுத்து நாலாக மடித்து, அதில் குத்தித் தையல் டப்பாவில் போட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. சங்கச் செயலாளர்.

"சொல்லுங்க சார்... அப்படியா, அங்கேயே வேலை பாத்த இன்ஜினியரா? வரட்டுமே... என்னது? ஒண்ணுமில்லக்காவா? அப்படி யாரும் நம்ம தெருவுல இல்லையே சார். அவங்க வந்தா முன் வரிசையில உக்கார வைக்கச் சொன்னாரா? சரி, விசாரிக்கிறேன்."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். அம்புக்குறிமேல் விரல் அப்படியே நின்றது. பனியன் கழுத்தை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாரோ ஒண்ணுமில்லக்காவாம். ஏதாவது பெரிய அதிகாரியா இருக்கும். உனக்குத் தெரியுமா?"

அவள் காலுறைகளை ஒன்றோடொன்று சுருட்டி, நாளைக்கான பையில் வைத்தாள்.

"ஏய், உன்னத்தான். ஊதுதா, இழுக்குதா? சரியாச் சொல்லு, ஆறு மணிக்கு நான் பேசணும்."

"அடுத்த ஜன்னலுக்குப் போங்க" என்றபடி அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.