யார் பேர்ல போடணும்னு கேட்டவள்

என் கணவர் லிங்கசாமிக்குப் போனில் சின்ன எழுத்தைப் படிக்க வராது. அதை வெளியில் சொல்லவும் மாட்டார். எங்கள் கணக்குகளைப் பார்த்த வேல்விழி இதை இரண்டாவது மாதமே கண்டுபிடித்துவிட்டாள். அதன் பிறகு அவருக்கு எல்லாமே குரல் பதிவாகத்தான் வரும். “அண்ணா, பயப்பட ஒண்ணுமில்லீங்க” என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும்.

அவள் அம்மா ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்து, இன்றும் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிறார். மகள் டவுனில் ஓர் ஆடிட்டரிடம் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அருள்புரத்தில் ஒற்றை அறை பிடித்துத் தனியாக உட்கார்ந்தாள். ஜிஎஸ்டி, வருமான வரி இரண்டும் பார்ப்பாள். முதலில் நம்பி வந்த பதினொரு பேரில் நாங்களும் உண்டு. எங்களுடையது இருபது மெஷின் ஓடும் பவர்டேபிள். பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுப்போம்.

போன வருஷம் பல்லடம் ரோட்டில் கண்ணாடி பதித்த பெரிய வரி அலுவலகம் ஒன்று வந்தது. வேல்விழியிடமிருந்து மூன்று பேர் அங்கே போனார்கள். பயந்துபோய், விளம்பரம் செய்து தருகிற ஒருவரிடம் தன் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்தாள். அதிலிருந்து பண்டிகைதோறும் அவள் படம் போட்ட வாழ்த்து எல்லாருக்கும் தானாகவே போனது.

“எலெக்சன்ல நிக்கறீங்களா அம்மிணி?” என்று என் கணவர் கேலி செய்தார்.

மார்கழி நாலாம் தேதி அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவரை ஏற்றிய வண்டி கிளம்பும்வரை வேல்விழி எங்கள் வாசலில் நின்றிருந்தாள். பொங்கலன்று அவருடைய போன் சத்தமிட்டது. ‘அன்புள்ள லிங்கசாமி அவர்களுக்கு, பொங்கலோ பொங்கல்!’ பானை ஏற்றாத வீட்டில் அதைப் படித்தது நான்.

கொழுந்தனார் நாச்சிமுத்து போனை வாங்கிப் பார்த்தார். “எங்கண்ணன் போயி ஒரு மாசங்கூட ஆகுல. இவ ஒரு கணக்குப் பாக்கறவளா? அந்தக் கண்ணாடி ஆபீசுக்கே போயர்லாம். பதிவ எம்பேர்ல போட்டுத் தர்றோம்னு சொல்லீட்டாங்க.”

கணவர் பேரிலிருந்த ஜிஎஸ்டி பதிவு அவரோடு முடிந்துவிட்டது. புதுப் பதிவு யார் பேரில் வருகிறதோ, இனி கம்பெனி அவர் கையில். பதினைந்து வருஷமாகத் தையல் லைனை நடத்தியவள் நான், பி.காம் படித்தவள். அப்படியும் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் வேல்விழி வந்தாள். அழுத முகம்.

“தப்பு என்னுதுதானுங்க. இன்னொருத்தர் கையில கொடுத்துட்டுப் பாக்காம விட்டுட்டேன். வாழ்த்து அண்ணனுக்கும் போனதப் பாத்ததும் நேத்தே நிறுத்திட்டேங்க்கா.”

“நாங்க வேற ஆபீஸ் பாத்துட்டமுங்க” என்றார் கொழுந்தனார்.

“சரிங்கண்ணா. அண்ணனோட ஃபைல் பூராம் இதுல இருக்குது. யாருகிட்ட வேணாலும் கொடுங்க.” பையை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “புதுப் பதிவ யார் பேர்ல போடணும்னு நெனைக்கறீங்க்கா?”

“எம்பேர்லதான். நங்கைக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?” என்றார் கொழுந்தனார், அண்ணியான என்னைக் காட்டி.

“நான் அக்காவக் கேட்டேனுங்க.”

துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. “எம்பேர்ல” என்றேன். சத்தமே வரவில்லை. திரும்பவும் சொன்னேன்.

“டெலிவரிக்கு ராப்பகலா யாரு அலையறது?”

“இத்தன நாளும் யாரு சித்தப்பா அலைஞ்சா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் என் மகள் தரணி. கொழுந்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாரிசுச் சான்றிதழுக்கு வேல்விழி என்னோடு மூன்று தடவை தாலுகா ஆபீசுக்கு வந்தாள். விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் நானே படித்து நிரப்பும்வரை பக்கத்தில் காத்திருந்தாள். வாழ்த்துப் படங்களை அதோடு விட்டுவிட்டாள். பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து, வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். கண்ணாடி ஆபீசுக்குப் போன மூன்று பேரில் ஒருவர் திரும்பி வந்தார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் இருவரை நான் அவளிடம் அனுப்பினேன்.

தை கடைசியில் பதிவு எண் வந்தது. “பேரு சரியா இருக்கான்னு பாருங்க்கா” என்று சான்றிதழை நீட்டினாள். நிர்மலா என்று என் பேர்தான் இருந்தது. பிரதி எடுத்து லைன் சுவரில் ஒட்டினேன். மெஷின்களை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பிறகு, அன்று முடிக்க வேண்டிய உருப்படிகளைப் பிரித்துக் கொடுத்தேன்.